‘தொண்ணூறுதானே’ என்றார் அப்பா

என் அப்பா ஒரு நாளும் தள்ளாடிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் இல்லை. தெருவில் விழுந்து கிடந்ததில்லை, அம்மாவைக் கை நீட்டி அடித்ததில்லை, குடித்துவிட்டு வேலைக்கு மட்டம் போட்டதும் இல்லை. கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு லைனில் வளர்ந்த எனக்குக் குடிகாரன் என்றால் எப்படி இருப்பான் என்று நன்றாகவே தெரியும். எங்கள் வரிசையிலேயே நாலு பேர் இருந்தார்கள். அப்பா அந்தக் கணக்கில் வரவே மாட்டார். அதனால் அவருடைய 68ஆவது வயதில், ‘இவர் மதுவுக்கு அடிமையாகியிருக்கிறார்’ என்று ஒரு டாக்டர் சொன்னபோது, என் தம்பி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சண்டைக்குப் போய்விட்டான். “எங்கப்பா குடிப்பார் சார். அதுக்காகக் குடிகாரர்னு சொல்லிடுவீங்களா?”

டாக்டர் கோபப்படவில்லை. “உங்கப்பா எப்படிப்பட்டவர்னு நான் சொல்லலைங்க. அவர் உடம்பு என்ன சொல்லுதுன்னு சொன்னேன்” என்றார்.

அப்பா வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடினார்கள். அப்போது அப்பாவுக்கு 46 வயது. கைக்கு வந்த பணம் கடனுக்கும் அக்கா கல்யாணத்துக்கும் சரியாகப் போனது. அப்புறம் தங்கவயலில் பாதிப் பேர் செய்ததைத்தான் அவரும் செய்தார். விடிவதற்கு முன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூர் வருவார், ஏதோ ஒரு கட்டட வாசலில் செக்யூரிட்டி உடுப்போடு நிற்பார், ராத்திரி ரயிலில் திரும்புவார். சனிக்கிழமை இரவு ஒரு குவார்ட்டர், ஞாயிறு மதியம் கறிக்குழம்போடு ஒரு குவார்ட்டர். அவ்வளவுதான் அவர் குடி. வருஷக்கணக்காக அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அம்மா போன பிறகு அவரைத் தனியாக விட மனமில்லாமல் பெங்களூர் ராமமூர்த்தி நகரில் எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டோம். வேலையும் விட்டாயிற்று. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஒரு பாக்கெட் குடிப்பார், அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கர்நாடகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே மட்டமான விஸ்கி 90 மில்லி டெட்ரா பாக்கெட்டில் கிடைக்கும். பார்க்க மாம்பழ ஜூஸ் பாக்கெட் மாதிரியே இருக்கும். சட்டைப் பையில் அடங்கும், உடையாது, பையில் போட்டால் சத்தமும் வராது. ‘தூக்கத்துக்குத்தாம்மா, தொண்ணூறுதானே’ என்பார். என் வீட்டுக்காரரும் ஒன்றும் சொல்லவில்லை. அறுபது தாண்டிய மனிதர், மனைவியை இழந்தவர், ஒரு தொண்ணூறைப் போய் யார் பிடுங்குவது?

அடுத்த இரண்டு வருஷத்தில் நடந்தவற்றை இப்போது வரிசையாகச் சொல்ல முடிகிறது. நடந்தபோது அவற்றுக்கு வரிசை கிடையாது. ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயாராக இருந்தது.

காலையில் டீ கொடுத்தால் டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பார். டம்ளரை வாய்க்குத் தூக்க மாட்டார், தலையை டம்ளருக்கு இறக்குவார். முதல் வாய் உள்ளே போகிறவரை சுற்றி யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு பார்வை வேறு. அப்புறம் பால் வாங்கிவருகிறேன் என்று கிளம்புவார். திரும்பி வந்து உட்கார்ந்தால், அதே கையால் பேரனின் பென்சிலைப் பிளேடு வைத்து ஊசி மாதிரி சீவிக் கொடுப்பார். நடுக்கம் போன இடம் தெரியாது. ‘காலைக் குளிர், பெங்களூர் குளிர்’ என்று அவரே காரணமும் சொல்வார். பக்கத்து கிளினிக்கில் காட்டியபோது வயசு நடுக்கம் என்றார்கள். ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். சிலருக்குப் பரம்பரையாக வருகிற கை நடுக்கமும் கொஞ்சம் மது உள்ளே போனால் தற்காலிகமாக அடங்கும். ஆகையால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. ஆனால் காலையில் வந்து ஒன்பது மணிக்குள் மறைகிற நடுக்கத்தைக் கவனித்தால் டாக்டரிடம் அந்த நேரக்கணக்கோடு சொல்லுங்கள். ‘கை நடுங்குது’ என்று மட்டும் சொன்னால் அவரால் என்ன கண்டுபிடிக்க முடியும்?

தூக்கம் இன்னொன்று. ஒன்பது மணிக்கே அடித்துப்போட்டது போலத் தூங்குவார், இரண்டு மணிக்கு எழுந்து ஹாலில் நடப்பார். மது தூக்கத்தைச் சீக்கிரம் வரவைக்கும், பின்னிரவில் கலைத்துவிடும் என்பது பிற்பாடு தெரிந்தது. அப்போது அவருக்குக் கிடைத்தது ஒரு தூக்க மாத்திரை, அல்பிரசோலம். சர்க்கரை ஒரு நாள் 70க்கு இறங்கும், இன்னொரு நாள் 240 காட்டும். ‘ஒழுங்காச் சாப்பிடறதில்ல’ என்றார்கள். அதுவும் உண்மைதான், ராத்திரி ஒரு தோசையைப் பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார். பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட வேண்டியிருந்தது. கணுக்காலிலும் முழங்கையிலும் நீலம் பூத்த தழும்புகள் வந்தன. ‘கட்டில்ல இடிச்சுக்கிட்டேன்.’ தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவர், அதை மடித்தபடியே வைக்க ஆரம்பித்தார். தங்கவயல் சிநேகிதர்கள் போன் செய்தால், சாயங்காலத்துக்கு மேல் எடுக்கவே மாட்டார். யாராவது விருந்தாளி ஏழு மணிக்கு வந்து எட்டரை வரை உட்கார்ந்துவிட்டால் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே.

ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துக்கொண்டால் 68 வயது ஆளுக்கு வரக்கூடியதுதான். மறதியா, வயசு. தடுமாற்றமா, வயசு. எரிச்சலா, பாவம் அம்மா இல்லாத துக்கம். இளைஞன் குடித்தால் வேலை போகும், வண்டியை இடிப்பான், பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போவாள், ஊருக்கே தெரியும். வேலையும் வண்டியும் மனைவியும் இல்லாதவர் குடித்தால் எதுவும் வெளியே விழாது. வயோதிகத்தின் அடையாளங்களும் குடியின் அடையாளங்களும் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே பொருந்திவிடுகின்றன. எனக்குச் சொல்ல இருப்பது முக்கியமாக இந்த ஒன்றுதான். வயசானவர்களின் குடியைக் கண்டுபிடிக்க முடியாமல் போவதற்கு அவர்கள் மறைப்பது பாதிக் காரணம். நாம் எல்லாவற்றுக்கும் வயசைச் சொல்லிவிடுவது மீதிப் பாதி.

ஒரு விடியற்காலை பாத்ரூமில் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு. மறுநாளே ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சேர்க்கும்போது கொடுத்த படிவத்தில் சர்க்கரை, பிரஷர், அலர்ஜி எல்லாம் கேட்டிருந்தார்கள், மது என்ற இடத்தில் தம்பி ‘எப்போதாவது’ என்று டிக் அடித்தான். குடும்ப கௌரவத்துக்காக அடித்தது அல்ல. அவன் மனதில் அதுதான் பதில்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஆரம்பித்தது. முதலில் வியர்வை, தலையணை உறை நனைகிற அளவுக்கு. அப்புறம் போர்வையின் ஓரத்தைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார், ஏதோ கயிறு இழுக்கிற மாதிரி. “மணி அடிச்சாச்சா? கேஜ் வந்துச்சா?” என்று கேட்டார். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற இரும்புக் கூண்டைத்தான் கேஜ் என்பார்கள். அவர் அதில் கடைசியாக ஏறி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் கிட்டே போனதும் என் தலையைக் கையால் அமுக்கி, “குனிம்மா, மேல கல்லு இருக்கு, குனி” என்றார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சுவரில் தண்ணீர் கசிவதாகச் சொல்லித் துடைத்துக்கொண்டே இருந்தார். நாடி 120ஐத் தாண்டியது. வார்டில் இருந்தவர்கள் பதற்றப்படவில்லை. ஆபரேஷன் முடிந்த பெரியவர்களுக்கு இப்படி வரும், மயக்க மருந்து, புது இடம், வயசு என்றார்கள். அதுவும் பொய்யில்லை, அப்படி வருவது உண்டு. கீழே விழுந்தவர் என்பதால் தலையில் ரத்தக்கட்டு இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தத்தில் சோடியம் பார்த்தார்கள். பார்க்க வேண்டியவைதான்.

இரவு டியூட்டிக்கு ஒரு இளம் டாக்டர் வந்தார், தமிழ்ப் பெண். அப்பாவின் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். என்னை வெளியே கூப்பிட்டு, “அக்கா, ஐயா கடைசியா எப்ப குடிச்சார்?” என்றார்.

குடிப்பாரா என்று கேட்கவில்லை. கடைசியாக எப்போது என்று கேட்டார். முதல் கேள்விக்கு என்னிடம் ஒரு நல்ல பதில் இருந்தது. இரண்டாவதற்கு உண்மையைத் தவிர வேறு பதில் கிடையாது. விழுந்ததற்கு முந்தைய ராத்திரி என்றேன். விரல் விட்டு எண்ணினார். மூன்று நாள்.

தினமும் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று அது கிடைக்காமல் போனால் ஆறிலிருந்து இருபத்துநாலு மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டிலிருந்து நாலு நாளுக்குள் வருவது இந்தச் சித்தபிரமை. கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரியில் எதற்காகவோ சேர்த்திருக்கும்போது இது வந்தால், எதற்காகச் சேர்த்தோமோ அதன் பக்கவிளைவு என்றே எல்லோரும் நினைப்பார்கள். அன்றிரவே லோரசெபாம் என்கிற அமைதிப்படுத்தும் மருந்தைத் தொடங்கினார்கள், வயதானவர்களுக்கும் ஈரல் பலவீனமானவர்களுக்கும் அது ஒத்துக்கொள்ளும் என்றார்கள். தயமின் என்கிற பி1 வைட்டமினை நரம்பில் ஏற்றினார்கள். நாள்பட்டுக் குடிப்பவர்கள் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும், அது இல்லாத உடம்பில் முதலில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்குப் பாதிப்பு வரலாம் என்று அந்தப் பெண் நின்று நிதானமாக விளக்கினார். இரண்டு மூன்று நாளில் அப்பா சுரங்கத்திலிருந்து மேலே ஏறி வந்துவிட்டார்.

ராத்திரி ஒரு தொண்ணூறுக்கு இவ்வளவு ஆகுமா என்றுதான் எங்கள் குழப்பம். அதற்குப் பதில் டீக்கடையில் இருந்தது. என் வீட்டுக்காரர் பால் வாங்கப் போனபோது, ‘பெரியவர் பை இங்கயே கிடக்குது’ என்று கடைக்காரர் ஒரு துணிப்பையை எடுத்துக் கொடுத்தார். உள்ளே பிரிக்காத பாக்கெட் மூன்று, ஹால்ஸ் மிட்டாய் ஒரு பட்டை. காலையில் பால் வாங்கப் போகும்போது ஒன்று. கை நடுக்கம் போனது அங்கேதான்.

தெளிந்த பிறகு அப்பா எங்களிடம் வாதாடினார். “முன்ன குவார்ட்டர் அடிச்சேன், இப்ப தொண்ணூறு. பாதியாக்கிட்டேன்ல?” அவர் மனதார நம்பியதுதான் அது. பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டோம். முன்பு சனி ஞாயிறு இரண்டு குவார்ட்டர், வாரத்துக்கு 360 மில்லி. இப்போது காலை 90, இரவு 90, ஏழு நாளைக்கு 1260 மில்லி. மூன்றரை மடங்கு. நம் ஊர் விஸ்கி, பிராந்தி, ரம்மில் 42.8 சதவீதம் ஆல்கஹால். அதாவது 30 மில்லியில் சுமார் 10 கிராம் சுத்த ஆல்கஹால் போகிறது, 90 மில்லி பாக்கெட்டில் 30 கிராம், வாரத்துக்கு 420 கிராமுக்குக் குறையாது. அமெரிக்காவின் மது ஆராய்ச்சிக்கான அரசு நிறுவனம், 65 வயது தாண்டி ஆரோக்கியமாக இருந்து மருந்தும் சாப்பிடாதவர்களுக்கே வாரத்துக்கு 7 டிரிங்க்தான் மேல் எல்லை என்று வைத்திருந்தது. அவர்கள் கணக்கில் ஒரு டிரிங்க் 14 கிராம். நம் சரக்கில் அது வாரத்துக்கு 290 மில்லி போல வரும். அப்பாவோ சர்க்கரை, பிரஷர், தூக்க மாத்திரை மூன்றும் சாப்பிடுகிறவர், அவருக்கு அந்த எல்லையும் பொருந்தாது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் இன்னும் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது, உடம்புக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்று. தினம் ஒரு பெக் இதயத்துக்கு நல்லது என்று வாட்ஸாப்பில் அனுப்பும் சித்தப்பா ஒருவர் எங்களுக்கும் உண்டு. அவருக்கு இதை அனுப்பினேன், நீலக் குறி மட்டும் வந்தது.

அளவு கூடாமலே இருந்திருந்தால்? அப்போதும் கஷ்டம்தான் என்கிறார்கள். வயசாக ஆக உடம்பில் தசையும் தண்ணீரும் குறைகின்றன. ஆல்கஹால் தண்ணீரில்தான் கரைந்து பரவுகிறது. குறைந்த தண்ணீரில் அதே 90 மில்லியைக் கலந்தால் ரத்தத்தில் அடர்த்தி ஏறும், ஈரலும் மெதுவாகத்தான் அதைக் கரைக்கும். நாற்பது வயதில் குடித்த குவார்ட்டர் செய்யாததை எழுபதில் ஒரு தொண்ணூறு செய்துவிடும். “நான் அன்னிக்கு இருந்து இதே அளவுதான்” என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வதில் நிம்மதி அடைய ஒன்றுமில்லை.

மாத்திரைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் அப்பா விழுந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று டாக்டர்கள் நினைக்கிறார்கள். அல்பிரசோலமும் மதுவும் சேர்ந்தால் இரண்டும் மூளையை ஒரே பக்கம் அமுக்கும், நடை தடுமாறும், மூச்சுகூட மந்தமாகலாம். கிளிமிபிரைடு மாதிரியான சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு, சரியாகச் சாப்பிடாமல் குடித்தால் சர்க்கரை அபாயமாக இறங்கும், இறங்கியிருப்பவரைப் பார்த்தால் போதையில் இருக்கிற மாதிரியேதான் தெரியும். மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் அதிகம் குடித்தால் ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. பிரஷர் மாத்திரையோடு குடித்தால் படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றும். ஆஸ்பிரினோடு குடித்தால் வயிற்றில் ரத்தக் கசிவு. பாரசிட்டமாலை அளவில்லாமல் போட்டுக்கொண்டு குடித்தால் ஈரல் போகும். எந்த டாக்டரும் மருந்துச் சீட்டின் ஓரத்தில் இதை எழுதித் தருவதில்லை, நாமும் கேட்பதில்லை. ‘இதோட குடிக்கலாமா’ என்று ஒரு பெரியவர் எப்படி வாய்விட்டுக் கேட்பார்? கூடப் போகிறவர்தான் கேட்க வேண்டும்.

குடிப்பழக்கத்தை எடைபோட டாக்டர்கள் வைத்திருக்கும் வழக்கமான கேள்விகள் பலதும் நடுவயசுக்காரர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வேலையில் பிரச்சினையா, போலீஸில் மாட்டினீர்களா, வீட்டில் சண்டையா என்று போகும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வயதானவர்களுக்கென்றே தனியாகக் கேள்விகள் தயாரித்தார்கள், அதன் சுருக்கமான வடிவத்தில் பத்துக் கேள்விகள். குடிக்கும் அளவைப் பற்றி மற்றவரிடம் குறைத்துச் சொல்வதுண்டா? கொஞ்சம் குடித்ததும் பசியில்லை என்று சாப்பாட்டைத் தள்ளிவிடுவதுண்டா? குடித்தால் நடுக்கம் குறைகிறதா? பகலிலோ இரவிலோ நடந்தது ஞாபகத்தில் வராமல் போகிறதா? மனம் அமைதியாக, கவலையை மறக்கக் குடிப்பதுண்டா? ஒரு இழப்புக்குப் பிறகு குடி கூடியதா? தனிமையாக இருக்கும்போது அது உதவுகிறதா? இந்த மாதிரி. இரண்டுக்கு ஆம் என்று வந்தாலே டாக்டரைப் பார்க்க வேண்டியதுதான். அப்பாவுக்கு வைத்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் ஆம். அதில் இழப்பைப் பற்றிய கேள்வி வந்தபோது மட்டும் அவர் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார்.

எப்படிக் கேட்பது என்பதில் நான் கற்றுக்கொண்டது கொஞ்சம் இருக்கிறது. காலையில் கேளுங்கள், உள்ளே போன பிறகு சாயங்காலம் கேட்டால் சண்டைதான் மிச்சம். மருமகனையும் பேரனையும் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள், அப்பா மாதிரி ஆட்களுக்கு மாப்பிள்ளை எதிரில் தலை குனிவது உயிர் போகிற விஷயம். ‘நீ குடிக்கிறியாப்பா’ என்றால் ‘எப்பவாச்சும்’ என்ற பதில்தான் வரும். ‘ஒரு பாக்கெட் எத்தனை நாளைக்கு வருது?’ ‘கடைசியா எப்ப?’ ‘காலையில ஒண்ணு போட்டாத்தான் கை நிக்குதா?’ இப்படிக் கேட்டால் மறைக்க இடம் குறைவு. பழி சொல்லாமல் உடம்பைப் பற்றியே பேசினால் பேச்சு நீளும். “அப்பா, நீ விழுந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு டாக்டர் சொல்றார், நீ என்ன நினைக்கிற?” என்று கேட்டேன். ரொம்ப நேரம் சும்மா இருந்துவிட்டு, “இருக்கும்” என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் நிம்ஹான்ஸ் என்கிற மனநல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முடிந்தது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கோபத்தில் பாட்டிலைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, இன்றிலிருந்து ஒரு சொட்டு கிடையாது என்று அறையில் பூட்டி வைக்காதீர்கள். கோயிலில் சத்தியம் வாங்கி அன்றே நிறுத்தவைப்பதும் அதே ஆபத்துதான். தினமும் குடிக்கிற பெரியவர் டாக்டரின் கண்காணிப்பு இல்லாமல் திடீரென்று நிறுத்துவது குடிப்பதைவிட ஆபத்தாக முடியலாம். அப்பாவின் மூன்றாம் நாளைப் பார்த்த யாரும் அதைச் செய்யத் துணிய மாட்டார்கள். அதேபோல எந்த ஆபரேஷனுக்கு, எந்த அட்மிஷனுக்குப் போனாலும் படிவத்தில் ‘எப்போதாவது’ என்று டிக் அடிக்காமல், தினம் எவ்வளவு, கடைசியாக எப்போது என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கண் புரை ஆபரேஷன் என்றாலும் சரி.

ஓசூர் ரோட்டில் இருக்கிற நிம்ஹான்ஸ் என்றால் இன்னும் நம் ஆட்களுக்கு ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரி’தான். அப்பா ஆட்டோவில் வரும்போதே, யாராவது தங்கவயல்காரன் பார்த்துவிடுவானோ என்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். போதைப் பழக்க சிகிச்சைக்கென்று அங்கே தனி மையமே இருக்கிறது. காலையிலேயே போய்ப் பதிவு செய்ய வேண்டும், காத்திருக்க வேண்டும், ஒரு நாள் லீவு போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கமிருந்து வருகிறவர்கள் ஏராளம் என்பதால் தமிழுக்குப் பஞ்சமில்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஓய்வுபெற்ற வாத்தியார் என்று தெரிந்ததும் அப்பாவின் துண்டு இறங்கிவிட்டது. ஈரல், ரத்தப் பரிசோதனை, ஞாபகசக்திப் பரிசோதனை எல்லாம் செய்தார்கள். ஞாபகத்தை உடனே எடைபோட முடியாது, குடி நின்று சில வாரம் கழித்துத்தான் எவ்வளவு மறதி மதுவால், எவ்வளவு வயசால் என்று பிரியும் என்றார்கள். அப்பாவுக்குக் கொஞ்சம் திரும்பியது, முழுசாக இல்லை. டெட்டால் ஊற்றிக் கழுவிய மாதிரி எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன்.

குடித்தால் குமட்டி வாந்தி வரவைக்கும் மாத்திரையைச் சாப்பாட்டில் கலந்து கொடுத்துவிடலாமே என்று உறவில் ஒருவர் யோசனை சொன்னார். விளம்பரங்களிலும் ‘அவருக்குத் தெரியாமலே நிறுத்தலாம்’ என்று வரும். டைசல்பிராம் என்ற மருந்து அது. குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து இதயத்தைப் படபடக்க வைக்கும். தெரியாமல் கொடுப்பது யாருக்குமே கூடாது. இதயக் கோளாறு உள்ள முதியவருக்குக் கொடுத்தால் உயிரோடு விளையாடுவதுதான். ஏக்கத்தைக் குறைக்கிற வேறு மருந்துகள் இருக்கின்றன, ஈரலையும் சிறுநீரகத்தையும் பார்த்துவிட்டு டாக்டர்தான் எழுத வேண்டும்.

நம்பிக்கையான விஷயம் ஒன்றை அங்கே கேட்டேன். வயதானவர்களில் குடிப் பிரச்சினை உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கு போல, கடைசிக் காலத்தில்தான் அதில் விழுகிறவர்கள். மனைவி போவது, வேலை போவது, வலி, தூக்கமின்மை, இப்படி ஏதோ ஒன்று தள்ளிவிடுகிறது. சிகிச்சைக்கு வந்தால் இளைஞர்களுக்குக் குறையாமல், பல சமயம் அவர்களைவிட நன்றாகவே தேறுகிறார்கள். ‘இந்த வயசுல திருத்தி என்ன ஆகப்போகுது, இருக்கற வரைக்கும் குடிச்சிட்டுப் போகட்டும்’ என்று பெரியப்பா சொன்னபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. பெரியப்பா அன்பினால்தான் சொன்னார். ஆனால் பாத்ரூம் தரையிலிருந்து அப்பாவைத் தூக்கியவர் அவரில்லையே.

அப்பாவுக்கு ஆள் பழக்கம் வேண்டியிருந்தது. குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள் பெங்களூரில் தமிழிலும் நடக்கின்றன. முதல் தடவை போய்விட்டு வந்து, ‘எல்லாரும் அழறாங்கம்மா’ என்று சலித்துக்கொண்டார். அப்புறம் அங்கே ஒரு பழைய ரயில்வேக்காரர் சிநேகிதமானார், இப்போது அவருக்காகப் போகிறார். ஏழு மணிதான் அவருக்குக் கெட்ட நேரம். அந்த நேரத்துக்குப் பேரனை டியூஷனிலிருந்து கூட்டிவரும் வேலையைக் கொடுத்தோம். பால் வாங்குவது என் வீட்டுக்காரர் பொறுப்பு. நடுவில் சாம்பியன் ரீஃபில் ஒரு சிநேகிதர் சாவுக்குப் போய்விட்டு ரயிலில் வாடையோடு வந்தார். எதுவும் கேட்கவில்லை, மறுநாள் டாக்டருக்குப் போன் செய்து வரவேண்டிய தேதியை முன்னால் மாற்றிக்கொண்டேன். அவரும் ஒன்றும் பேசாமல் கிளம்பி வந்தார்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் லைனில் வயசான அம்மாக்கள் சிலர் வெளிப்படையாகவே குடிப்பார்கள், சுரங்க ஊர் அப்படி. நகரத்து வீடுகளில் அது சளிக்கு ஒரு மூடி பிராந்தி, வாயுவுக்கு அரிஷ்டம் என்ற பெயரில் நடக்கும். அரிஷ்டங்களில் புளிக்கும்போதே ஆல்கஹால் உண்டாகிறது, அளவாகச் சாப்பிட்டால் மருந்து. ஒரு பாட்டில் இரண்டு நாளில் காலியானால் கவனியுங்கள். பெண்களுக்கு உடம்பில் தண்ணீர் இன்னும் குறைவு, அதனால் கெடுதல் சீக்கிரம் வரும். அத்தையையோ பாட்டியையோ சந்தேகப்பட யாருக்கும் மனசு வராது, டாக்டருக்கும் கேட்க வாய் வராது.

யாரிடம் முதலில் பேசுவது என்று தெரியாதவர்கள் 14416க்குப் போன் செய்யலாம். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே 14446 இருக்கிறது. முதியவர்களுக்கு உதவி, யோசனை எதுவானாலும் 14567. குடிக்கிறவர்தான் பேச வேண்டும் என்றில்லை, நாமே பேசலாம். போன் செய்வதற்கு முன் ஒரு தாளில் மூன்றை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: தினம் எவ்வளவு, கடைசியாக எப்போது, என்னென்ன மாத்திரை. அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.